எலி மருந்து என்று சொல்லி வைத்தது

இறந்துபோன என் அக்காவின் அஸ்தியை, இரும்புலியூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் பின்புறம், ஒரு பூவரச மரத்தில் கட்டி வைத்திருந்தோம். அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வெளியில் வைத்தால் நாய், காக்கை. எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளைகள். அக்காவுக்கு எட்டு வயதில் ஒரு பெண், நாலு வயதில் ஒரு பையன். அம்மா இறந்துவிட்டாள் என்பது இருவருக்கும் தெரியாது.

அக்காவின் கணவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அவருக்கு ரயில்வேயில் கணக்குப் பிரிவில் வேலை. நான் சென்னையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். கல்யாணம் ஆகாதவன் என்பதால் அவர்களோடுதான் தங்கியிருந்தேன். காலையில் அத்தானும் நானும் தாம்பரத்தில் ஒரே எலெக்ட்ரிக் டிரெயினில் ஏறுவோம். பல நாள் ஒரே வண்டியில் திரும்புவோம்.

அக்காவுக்குக் காச நோய். கடைசி ஒரு வருடம் சானடோரியத்தில் இருந்தாள். அது தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷன். ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தான் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போவார். வார்டுக்கு அருகில் விடமாட்டார். அது அவராகப் போட்டுக்கொண்ட சட்டம். மைதானத்தின் இந்தக் கோடியில் ஒரு வேப்ப மரத்தடியில் இருவரையும் நிறுத்துவார். மடித்த கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருந்தார். அக்கா வராந்தாவுக்கு வந்து கையை ஆட்டுவாள். பையன் கைக்குட்டையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் ஆட்டுவான். பெண் அப்படியில்லை. ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையை மட்டும் ஆட்டுவாள். சொன்னதைச் சொன்னபடி செய்கிற குழந்தை.

இறப்பதற்குச் சில வாரம் முன்பு, ஒரு மாலையில் அத்தானும் நானும் கட்டிலருகே நின்றிருந்தோம். அக்கா பேச்சை அவளாகவே எடுத்தாள்.

"டாக்டர்கிட்ட கேட்டேன். எரிச்சதுக்கு அப்புறம் கிருமி எதுவும் இருக்காதாம்."

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" என்றார் அத்தான்.

"எதுக்கா? அப்பவாவது பசங்க என்னைத் தொடலாம் இல்ல? ராமேஸ்வரத்துல கரைக்கிறப்ப ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போங்க. அவங்க கையால எடுத்துக்கட்டும். ரொம்பக் கனமா இருக்கமாட்டேன், பயப்படாதீங்க."

அவளே சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. அத்தான் தலையை ஆட்டினார். அவள் கேட்டது அந்த ஒன்றுதான்.

அவள் போனது, பாம்பன் பாலம் புயலில் போன மார்கழிக்கு அடுத்த தை மாதம். ராமேஸ்வரத்துக்கு ரயில் இல்லை. மண்டபம் வரை போய், அங்கிருந்து படகில் போகலாம் என்றார்கள். அந்தக் கடலில் இரண்டு குழந்தைகளைப் படகில் ஏற்ற அத்தானுக்கு மனம் இல்லை. பாலம் சரியாகட்டும், பெண்ணுக்கு முழுப்பரீட்சை முடியட்டும், அப்போது இருவருக்கும் விஷயத்தைச் சொல்லி அழைத்துப் போகலாம் என்று முடிவு செய்தார். அவர் வரையில் அது சரியான கணக்கு. பாலத்தைப் பற்றி வருகிற செய்தியெல்லாம் எங்கள் மேசைக்குத்தான் வரும். "இன்னிக்கு ஏதாவது வந்துதா?" என்று ரயிலில் தினமும் கேட்பார். வராது.

சானடோரியத்திலிருந்து நேராகச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போனோம். மறுநாள் எலும்பு பொறுக்கி ஒரு சின்ன மண் கலயத்தில் போட்டு, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக் கொடுத்தார் வெட்டியான். ராமேஸ்வரம் என்றதும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"வூட்டு உள்ள எட்துகினு பூடாதே சார். எதுனா மரத்துல கட்டு. பாலம் கட்றவரைக்கும் அந்தம்மா காத்தாட குந்திகினு இருக்கட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தான் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவர் கலயத்தை வேட்டி முனையால் மூடிப் பிடித்திருந்தார். குழந்தையை வெயில் படாமல் தூக்கிப் போகிறவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள்.

மொட்டைத் தலையோடு வீட்டுக்குப் போக வேண்டும். பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார். கலயத்தைப் பின்பக்கம் மறைத்துவிட்டு முன்னால் வந்தவரைப் பெண் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, மொட்டை!"

"குன்றத்தூர் முருகனுக்கு வேண்டுதல்மா. அம்மாவுக்கு சீக்கிரம் குணமாகணும்னு."

பையனுக்கு ஒரே சந்தோஷம். மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "சந்தனம் ஏன் பூசல?" என்று கேட்டான். அத்தான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, தலையில் சந்தனத்தோடு வெளியே வந்தார். பல பொய்களை அச்சில் பார்த்துத் திருத்தியவன் நான். இவ்வளவு ஈரமாக இருந்த பொய்யை வேறெங்கும் பார்த்ததில்லை.

அத்தான் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். கலயத்தை ஒரு அலுமினியத் தூக்குச்சட்டிக்குள் இறக்கி, அசையாமல் இருக்கச் சுற்றிலும் வைக்கோல் திணித்து, மூடியை அழுத்தி மூடினார். பூவரச மரத்தில் பிள்ளைகளுக்கு எட்டாத கிளையாகப் பார்த்து, கம்பியால் இறுக்கிக் கட்டினார். தீட்டு பற்றிய பயமா, நோயைப் பற்றிய பயமா, எதற்காக அவ்வளவு உயரத்தில் கட்டினார் என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டர் சொன்னதை அவரும் கேட்டிருந்தார்.

வீட்டுக்காரம்மா முன்பகுதியில் குடியிருந்தார். கணவரை இழந்தவர், கிறிஸ்தவர், பள்ளிக்கூட டீச்சர். பிள்ளைகள் படித்து வெளியூரில் வேலையில் இருந்தார்கள். அவரிடம் மட்டும் எதையும் மறைக்க முடியவில்லை. நாங்கள் அலுவலகம் போனபின் பிள்ளைகள் அவர் பொறுப்பில்தான் இருந்தார்கள். மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு அத்தானிடம் வந்தார்.

"சார், எங்க வீட்ல ஒரு அலமாரி காலியா கிடக்கு. பூட்டு இருக்கு. அங்க வச்சிடுங்களேன். எங்களுக்கு இந்தத் தீட்டெல்லாம் கிடையாது."

"பரவாயில்ல டீச்சர். இருக்கட்டும்."

"அப்ப பசங்ககிட்டயாவது சொல்லிடுங்க. எங்க வீட்டுக்காரரை அடக்கம் பண்ணப்ப என் பிள்ளைங்கதான் முதல்ல மண்ணு போட்டாங்க. அழுதாங்க. அப்புறம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டாங்க."

"பரீட்சை முடியட்டும் டீச்சர்."

"மூணாம் கிளாஸ்ல என்ன சார் பெரிய பரீட்சை? பேப்பர் திருத்தறவ நான் சொல்றேன்."

அத்தான் அண்ணாந்து, கம்பி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தார்.

பையன்தான் முதலில் கவனித்தான். "அப்பா, மரத்துல என்னாது?" என்று கேட்டான். அத்தான் அப்போது துணி உலர்த்திக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல், "எலி மருந்து. தொட்டா செத்துடுவே" என்றார்.

வீட்டில் எலித் தொல்லை நிஜமாகவே இருந்தது. அதனால் பொய் நன்றாகப் பொருந்தியது. பிறகு பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி கிட்டப் போகாம பாத்துக்கறது உன் பொறுப்பு" என்றார். அவளிடம் பொறுப்பு என்று ஒன்றைக் கொடுத்துவிட்டால் அதன்பிறகு நாம் மறந்துவிடலாம். செங்கல் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து வந்து, மரத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம் போட்டாள். அழிய அழிய மறுபடியும் போடுவாள். "டேய், கோட்டைத் தாண்டாதே. தாண்டினா அப்பாகிட்ட சொல்லமாட்டேன், நானே அடிப்பேன்" என்று அவள் கத்துவது முன் அறை வரைக்கும் கேட்கும்.

மொழிக் கிளர்ச்சியால் அப்போது பள்ளிகளை மூடியிருந்தார்கள். பிள்ளைகள் பகலெல்லாம் வீட்டில் இருந்தார்கள். ஒரு நாள் மாலை அத்தானும் நானும் ஒன்றாகத் திரும்பினோம். கை கால் கழுவப் பின்பக்கம் போனபோது, துணி துவைக்கிற கல்லின்மேல் அந்தத் தூக்குச்சட்டி கவிழ்த்து வைத்திருந்தது. பளபளவென்று தேய்த்திருந்தது. மூடி பக்கத்தில் தனியாகக் காய்ந்துகொண்டிருந்தது. மரத்தில் கம்பி மட்டும் தொங்கியது.

அத்தான் கல்லைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். மறுபடியும் கல்லைப் பார்த்தார்.

பெண் ஓடி வந்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. காலையிலிருந்து சொல்லக் காத்திருந்தவள் முகம் அது. நடந்ததை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை, விட்டுப்போகாமல், முன்பின் மாறாமல் சொன்னாள். என் தொழிலில் அதைவிடத் தெளிவான சாட்சியத்தை நான் கேட்டதில்லை.

டீச்சர் ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில் பையன் முக்காலியை மரத்தடிக்கு இழுத்துப்போய், அதன்மேல் ஏறி, துணிக்கொடிக் கம்பால் சட்டியைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். கம்பி நழுவிச் சட்டி கீழே விழுந்திருக்கிறது. மூடி திறக்கவில்லை. அவள் வந்து பார்த்து, அவனை முதுகில் ஒன்று வைத்து, அவன் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறாள். அதன்பிறகு யோசித்திருக்கிறாள்.

"திரும்பக் கட்ட எனக்கு எட்டாது. கீழ வச்சா இவன் திறந்துடுவான். கிணத்துல போட்டா நாம எல்லாரும் செத்துடுவோம். குப்பையில போட்டா நாய் தின்னும். ஏரிதான் பெருசு. கரைஞ்சிடும்."

"ஏரிக்கா போனே?" என்றேன்.

"ஆமா மாமா. கர்சீப்பால மூக்கைக் கட்டிக்கிட்டேன். இவனுக்கும் கட்டிவிட்டேன். சட்டியோட கைப்பிடிக்குள்ள கம்பை விட்டுத் தூக்கிக்கிட்டுப் போனேன், தூரமாப் பிடிச்சுக்கிட்டு. இவனைப் பின்னாலயே வரச் சொன்னேன். தண்ணியில போட்டா மிதக்குது. கம்பால அழுத்தி அழுத்திப் பாத்தேன். மூடி கழண்டுது. உள்ள ஒரு பானை. அது உடனே முழுகிடுச்சு. வெள்ளைத் துணி மட்டும் கொஞ்ச நேரம் தெரிஞ்சுது."

"சட்டியை ஏன் எடுத்துக்கிட்டு வந்தே?"

"அப்பா சட்டியைத் தேடுவாரு இல்ல? மூடியையும் கம்பால இழுத்துட்டேன். புளி போட்டு மூணு தடவை தேய்ச்சிருக்கேன்." பிறகு அத்தானைப் பார்த்து, அவர் ஏன் பேசவில்லை என்று புரியாமல், அவசரமாகச் சொன்னாள்: "மருந்தை நான் கையால தொடவே இல்லப்பா. சத்தியமா."

அத்தான் அவள் தலையில் கையை வைத்தார். "நல்ல வேலை செஞ்சேம்மா" என்றார். சொல்லிவிட்டு வாசல் வழியாக வெளியே நடந்தார். நான் பின்னால் போனேன்.

ஏரி மூன்று தெரு தள்ளி இருந்தது. மழைக்காலத் தண்ணீர் இன்னும் வற்றவில்லை. எருமைகளைக் கழுவிக்கொண்டிருந்தவர்கள் கரையேறிக்கொண்டிருந்தார்கள். அத்தான் செருப்பைக் கழற்றி ஓரமாக, ஜோடி கலையாமல் வைத்தார். பேண்டும் சட்டையுமாக இடுப்பளவுக்கு இறங்கினார். குனிந்து கைகளால் தண்ணீருக்கு அடியில் துழாவினார். சேறு மேலே வந்தது. ஆகாயத்தாமரை வேர் வந்தது. ஒரு இடத்தில் வெள்ளையாக ஏதோ அகப்பட்டது. பிரித்துப் பார்த்தால் யாரோ துவைத்துவிட்டுப் போன கைத்துண்டு. "இன்னா சார், மோதிரம் வுட்டுட்டியா?" என்று எருமைக்காரர் ஒருவர் கரையிலிருந்து கேட்டார். அத்தான் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அவரும் இறங்கி வந்து கொஞ்ச நேரம் தேடிப் பார்த்தார். "தங்கமா சார்?" என்றார். அதற்கும் அத்தான் ஆமாம் என்றார்.

இருட்டுகிற நேரத்தில் திரும்பினோம். பெண் வாசலில் நின்றிருந்தாள்.

"ஏன்ப்பா நனைஞ்சிருக்கே? மீனெல்லாம் செத்துப்போச்சா?"

"இல்லம்மா. ஒண்ணும் ஆகல."

அவளுக்கு நிம்மதி.

அந்தத் தூக்குச்சட்டியை அத்தான் சமையலறைக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. கலயத்தை நிலைப்படி தாண்ட விடாதவர், அது இருந்த சட்டியைத் தன் டிரங்குப் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினார். அடுத்த வாரம் வேறொரு பழைய டப்பாவைத் தேடி எடுத்து, உள்ளே செங்கல் துண்டுகளைப் போட்டு, அதே கிளையில் அதே கம்பியால் கட்டினார். எதற்கு என்று கேட்டேன்.

"நாளைக்கு வளர்ந்து யோசிச்சாலும் அது எலி மருந்தாவே இருக்கணும்" என்றார்.

பெண் மறுபடியும் மரத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டாள்.

சில வாரங்களில் பாலம் சரியாகி ரயில் விட்டார்கள். அந்தச் செய்தி என் மேசைக்குத்தான் வந்தது. தலைப்பு எழுதி அனுப்பினேன். மறுநாள் ரயிலில் அத்தான் பேப்பரை விரித்து அந்தப் பக்கத்தைப் படித்தார், மடித்தார். ஏதாவது வந்துதா என்று அதற்குப்பின் என்னிடம் கேட்டதில்லை.

பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளிடம் அம்மா இறந்ததைச் சொன்னார். டீச்சரும் உடன் இருந்தார். பையனுக்குப் புரியவில்லை. பெண் அழவில்லை. "அப்ப மொட்டை போட்டது?" என்று மட்டும் கேட்டாள். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். டீச்சர் அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் அழுதாள். கோடை விடுமுறையில் எல்லோரும் ராமேஸ்வரம் போனோம். அங்கே பலர் கலயங்களோடு கடலில் இறங்குவதைப் பார்த்து, "நம்ம அம்மாவோடது எங்கே?" என்று கேட்டாள்.

"முன்னாடியே கரைச்சாச்சு."

"யாரு கரைச்சா?"

"நான்தான்."

பத்திரிகையில் தவறாக ஒன்று வந்துவிட்டால், அடுத்த நாள் உள்பக்கத்தில் நாலு வரியில் திருத்தம் போடுவோம். யாரும் படிக்கமாட்டார்கள் என்றாலும் போடுவோம். இந்த விஷயத்தில் போடக்கூடிய திருத்தத்தைப் பல முறை மனத்துக்குள் எழுதிப் பார்த்திருக்கிறேன். "நீதான் கரைத்தாய்" என்பது வரை சரியாக வரும். எப்படி என்று எழுத முடியாது. மூக்கைக் கட்டிக்கொண்டு, கம்பின் முனையில், விஷம் என்று. அக்கா கேட்டது நடந்தது. பிள்ளைகள் இருவரும்தான் அவளைக் கொண்டுபோனார்கள். ஆனால் சானடோரியத்தில் நின்ற அதே தூரத்தில் நின்று கொண்டுபோனார்கள். டீச்சர் சொன்னபடி அன்றே சொல்லியிருந்தால், அந்தப் பெண் கலயத்தை இரண்டு கையாலும் மடியில் வைத்துக்கொண்டிருப்பாள். அதை அவளைவிடப் பத்திரமாக யாரும் வைத்திருக்க முடியாது. செங்கல் வட்டம்கூடத் தேவைப்பட்டிருக்காது.

அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் அக்காவின் திதியன்று அத்தான் பிள்ளைகளை இரும்புலியூர் ஏரிக்கு அழைத்துப் போவார். எள்ளும் தண்ணீரும் விட்டபின், இருவரையும் குனிந்து தண்ணீரில் கையை வைக்கச் சொல்வார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். காரணம் சொல்லமாட்டார். அது தங்கள் குடும்பத்து முறை என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு திதிக்கு நானும் போயிருந்தேன். அப்போது எனக்குக் கல்யாணமாகிக் குரோம்பேட்டையில் தனியாக இருந்தேன். பெண் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். பையனுக்கு மீசை அரும்பியிருந்தது. முக்காலியும் கம்பும் அவன் நினைவில் இல்லை. ஏரியின் ஒரு பக்கத்தில் மண் கொட்டி மனைக்கற்கள் நட்டிருந்தார்கள்.

"மாமா, ஊர்ல எல்லாரும் ராமேஸ்வரம், காசின்னு போறாங்க. எங்கப்பாவுக்கு மட்டும் இந்த எருமை குளிக்கிற ஏரிதான்" என்றாள் பெண். "டிக்கெட் எடுக்க மனசு வரல அவருக்கு. ரயில்வேயில பாஸ் வேற குடுக்கறாங்க!"

"ஆமா, நான் கஞ்சன்தான்" என்றார் அத்தான்.

எல்லோரும் சிரித்தோம். அவள் குனிந்து தண்ணீரில் கையை வைத்தாள். பிறகு சிரிப்பு போன குரலில், தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள்: "எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான்ப்பா. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனப்புறம் ஒரு தடவைகூட நான் அவங்களைத் தொடல."

அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"தொட்டிருக்கேம்மா. உனக்கு ஞாபகம் இல்ல."

"எட்டு வயசுப் பொண்ணுக்கு ஞாபகம் இருக்காதாப்பா? கர்சீப்கூட ஞாபகம் இருக்கு."

அத்தான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவள் கை வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் இறங்கினார்.